பிர்ச் மரத்துக் கறுப்பு

அக்கா வீட்டுப் பின்புறத்துப் பிர்ச் மரத்தில், வெள்ளைப் பட்டையைப் பிளந்துகொண்டு, கரிக்கட்டை போல ஒரு காளான் துருத்தியிருந்தது. சாகா என்று பெயர். மரத்தில் காயம் பட்ட இடத்தால் உள்ளே புகுந்து, பல வருஷம் சத்தமில்லாமல் தின்ற பிறகுதான் வெளியே முகம் காட்டுமாம். ஒரு கிழமை தங்க வந்து ஆறு வருஷமாகச் சாப்பிடுகிற எனக்கு அதைக் கண்டால் குருபக்தி வரும்.

அக்காவின் புருஷன் குலநாயகம் அத்தான் கோடாலியோடு வந்தார். "உறிஞ்சிறதுகளுக்கு இண்டையோட முடிவு. இதை வெட்டி முடிய நீயும் வீட்டை விட்டு வெளிக்கிடு."

"வெட்டாதேங்கோ அத்தான். வெளியில தெரியிறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உள்ளுக்க. மரத்துக்குத்தான் நோகும்."

"கதைக்கிறதில மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை."

நாலாவது வெட்டில் காளான் விழுந்தது. கூடவே மரத்தின் சதையும் உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ந்து வந்தது. ஓட்டைக்குள் துருநிறத்தில் அது இன்னும் இருந்தது. அத்தான் விடவில்லை, கோடாலி நுனியால் குடைந்தார்.

நான் உள்ளே போய் உடுப்புப் பெட்டியோடு வந்தேன். பின்னாலேயே அக்கா வெறுங்காலோடு பனியில் இறங்கினாள். மரத்தின் ஓட்டையை ஒருமுறை தடவினாள். என் பெட்டியைப் பறித்து எனக்கும் அத்தானுக்கும் நடுவில் வைத்தாள்.

"ரெண்டு பேரில ஆராவது ஒராள் இதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ," என்றாள்.