அசைவு

திரையில் கோமுவின் கை மேலே இருந்தது. அடுத்து கீழே இருந்தது. நடுவில் அந்தக் கை என்ன சொன்னது என்று தெரியவில்லை.

பேச்சிமுத்து திரைப்பக்கம் இன்னும் குனிந்தான். புரியவில்லை என்று மனைவிக்குக் கையை விரித்துக் காட்டினான்.

அவள் மறுபடி சொன்னாள்.

மறுபடியும் மேலே. கீழே.

அவன் பின்னால் வார்டர் நின்றுகொண்டிருந்தார், ஒரு காதில் ஹெட்போன். மத்திய சிறையின் வீடியோ அறைக்கு அவர்தான் பொறுப்பு. கைதியும் வீட்டாரும் பேசுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. இந்த இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. விதி அதையெல்லாம் யோசிக்கவில்லை.

அவர் காதில் வளையல் சத்தம் வந்தது. அந்தப் பக்கத்து மின்விசிறியின் இரைச்சல் வந்தது.

இன்னொரு காதில் செல்போன். அதில் இசக்கி; கோமு வந்து உட்கார்ந்திருக்கும் அவள் ஊர்க் கிளைச் சிறையில் வேலை பார்ப்பவன்.

"அண்ணாச்சி, படம் கண்ணாடி மாரி இருக்குல்லா?"

"கண்ணாடி மாரிதாம்ல இருக்கு. கை வெட்டி வெட்டில்லா வருது."

"பேருதான் பேச்சிமுத்து. பேச்சே இல்ல. இதுல படம் வெட்டுனா என்ன, ஒட்டுனா என்ன?"

"சவத்து மூதி, வாய மூடு."

இசக்கி குரலை இறக்கினான்.

"இல்ல அண்ணாச்சி. பிள்ளைக்குக் காது கேக்குதான்னு பெரியாஸ்பத்திரில பாத்துட்டு நேரா இங்க வந்திருக்காளாம், ஆட்டோக்காரன் சொன்னான். அத அவன்ட்ட சொல்லத்தான் கெடந்து தவிக்கா."

"என்ன சொன்னாவளாம் ஆஸ்பத்திரில?"

"எனக்கு எப்படித் தெரியும்? கையாலல்லா சொல்லுதா."

அப்போதுதான் கோமுவின் மடியில் இருந்த பிள்ளையை அவர் சரியாகப் பார்த்தார். அப்பன் உள்ளே வந்த பிறகு பிறந்தது. இப்போது உட்காரப் பழகியிருந்தது.

"ஏலே, கேமரா செட்டிங்குக்குள்ள போ. ஷார்ப்னஸ்னு கெடக்கா? அத மோஷன்ல போடு."

"மங்கிப் போயிருமே. வாய்தா அன்னைக்கு ஜட்ஜய்யாவுக்குப் பேப்பர்ல எழுத்து தெரியலன்னு நீங்கதான இப்படி வைக்கச் சொன்னீய?"

"இப்ப எழுத்தாடே பாக்கோம்? போடுல."

அந்த ஊர் இணைப்பில் இரண்டும் சேர்ந்து வராது. தெளிவு வேண்டுமென்றால் அசைவு போகும். அசைவு வேண்டுமென்றால் தெளிவு போகும். இதுவரை எல்லோரும் தெளிவைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவரும்.

திரை கறுத்தது.

திரும்பி வந்தபோது கோமுவின் முகம் லேசாக மங்கியிருந்தது. சேலையில் இருந்த பூக்கள் கலைந்து வெறும் நிறமாகக் கிடந்தன.

கை ஓடியது.

அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. விரல்கள் விரிந்தன, சுருண்டன, பிள்ளையின் தலையைத் தொட்டன, காதுக்குப் போயின, அங்கிருந்து எதையோ எடுத்துக் காற்றில் திறந்துவிட்டன. புருவமும் பேசியது. தோளும் பேசியது.

இத்தனை நேரமும் இவ்வளவையுமா இந்தப் பெட்டி விழுங்கிக்கொண்டிருந்தது?

பேச்சிமுத்து அசையாமல் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இல்லை, இல்லை என்று தலையாட்டினான்.

நம்பவில்லை.

கோமு கையை நிறுத்தினாள். பிள்ளையைக் கேமராவுக்கு எதிரே மேசைமேல் உட்காரவைத்தாள். ஓரத்திலிருந்து இசக்கியின் கை வந்து அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. அவள் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள்.

பிள்ளை இந்தப் பக்கம் பார்த்து எச்சில் வடித்துக்கொண்டிருந்தது.

அவள் கை தட்டினாள்.

ஹெட்போனில் அது பளாரென்று விழுந்தது.

பிள்ளை திரும்பியது.

முகவாய் நகர்ந்த இடம், கழுத்து போன வழி, அம்மாவைக் கண்டுகொண்டு நின்ற நிற்பு. எல்லாம் வந்தது. ஒரு வெட்டுகூட இல்லை.

பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. அங்கே இசக்கிக்குக் கேட்டிருக்கிறது. இவ்வளவு தொலைவில் நிற்கிற அவருக்கும் கேட்டிருக்கிறது.

தட்டியவளுக்கு அந்தச் சத்தம் கிடையாது.

பேச்சிமுத்து திரும்பி அவரைப் பார்த்தான். தன் காதைத் தொட்டுப் புருவத்தைத் தூக்கினான்.

அவர் தலையாட்டினார். அது போதாது என்று தோன்றியது. இன்னும் பலமாக ஆட்டினார்.

அவன் திரையைப் பார்த்துச் சின்னதாக ஏதோ சொன்னான். மூன்று நான்கு விரலசைவுதான். கோமு நின்ற இடத்திலிருந்தே பிள்ளையைத் தன் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தாள்.

இப்போது திரையில் பிள்ளையின் பின்னந்தலை மட்டும்.

பேச்சிமுத்து இரண்டு கைகளையும் தூக்கினான். விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் மேசை மைக்கை இழுத்து அவன் கைகளுக்கு நேராக வைத்தார்.

"நல்லா சத்தமா தட்டுடே" என்றார், அவனுக்குக் கேட்காது என்பதை மறந்து.

அவன் தட்டினான்.

சத்தம் அந்த ஊருக்குப் போய்ச் சேரும்வரை அவனும் அவளும் அவரும் அந்தச் சின்னத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.