தோளில் வந்தவன்

கால்பந்து இறுதி ஆட்டம் முடியும் தறுவாயில், கீழத்துறையின் கோல் முன்னால் மேலத்துறையின் கிளீட்டஸ் விழுந்தான். நடுவர் பெனால்டி கொடுத்தார். மேலத்துறைக்காரர்கள் சந்தோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினார்கள். கிளீட்டஸ் எழுந்துபோய், “என்னை யாரும் தள்ளல சார். நானாத்தான் தடுக்கி விழுந்தேன்” என்றான். பெனால்டி ரத்தானது. கடைசி உதையில் கீழத்துறை கோல் போட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டது.

போன வருடம் கையால் தட்டிய பந்தைத் தலையில் பட்டதாகச் சத்தியம் செய்தவர்கள் கீழத்துறைக்காரர்கள். இப்போது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

“எறக்கி விடுங்கண்ணே” என்று கெஞ்சினான்.

“ஒன்னைய நடக்க விடலாமா மக்கா? வீட்டுலயே கொண்டு விடுறோம்.”

செண்டை மேளம் முழங்க மேலத்துறைக்குள் கொண்டுபோனார்கள். ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. அவன் வருவதைக் கண்டதும் எல்லோரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அண்ணன் லாசர் மட்டும் வீட்டு வாசலில் நின்றிருந்தான். அன்று கோல் காத்தவன், கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

“பொய் சொல்லியா ஜெயிக்கணும், அண்ணே?”

“ஒன்னைய யாருலே பொய் சொல்லச் சொன்னா? வாயை மூடிக்கிட்டு நின்னாப் போதாதா?” லாசர் தூக்கி வந்தவர்களைப் பார்த்தான். “ஒங்க ஆளை ஒங்க ஊருக்கே கொண்டுபோங்க.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கீழத்துறைக்காரர்கள் அவனைத் தரையில் இறக்கினார்கள்.

“எங்களுக்கு எதுக்கு இவன்?” என்றான் அவர்களில் ஒருவன். “நாளைக்கு எங்களுக்கும் இதைத்தானே செய்வான்?”

சிரிப்பும் செண்டையும் தெருமுனையில் திரும்பின.