நாலு வோல்ட் கூடுதல்

டிரான்சிஸ்டர் மறுபடியும் புகைந்தது.

பீமராவ் அவசரமாகப் பேட்டரி கிளிப்பைப் பிடுங்கினார். காந்தங்கள் ஒட்டிய சைக்கிள் சக்கரம் மெல்லச் சுற்றி நின்றது. காலையிலிருந்து இது மூன்றாவது.

"ராவ் சார், ரெசிஸ்டர மாத்திப் பாப்போமா? எனக்கென்னமோ அங்கதான் இடிக்குது" என்றார் பரக்கத் அலி.

மலைக்கோட்டைக்குக் கீழே டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர் பாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ராவ். கரண்ட் பில் கிடையாது, பெட்ரோல் கிடையாது, தானே ஓடித் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ஓர் இயந்திரத்தை உலகத்துக்குக் கொடுத்தே தீர்வது என்று இருவரும் முடிவு கட்டிப் பல வருடம் ஆகிறது. உலகமும் அவசரப்படுத்தவில்லை. ஒரு வாரம் ஸ்ரீரங்கத்தில் ராவ் வீட்டு மாடி, மறுவாரம் உறையூரில் பாய் வீடு. டவுன் பஸ்ஸில் அந்தச் சக்கரம் யார் மடியிலாவது உட்கார்ந்து போய் வரும். கண்டக்டர்கள் அதற்கும் டிக்கெட் கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

சோதனை என்னவோ எளிமையானதுதான். பேட்டரியில் சக்கரத்தை ஓடவிட வேண்டும். வேகம் பிடித்ததும் பேட்டரியைக் கழற்றி, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகும் சக்கரம் ஓடினால் ஜெயித்தாயிற்று. இதுவரை ஒருமுறைகூட ஓடியதில்லை.

இன்று ஓடியாக வேண்டும். நாளை பாய் ஷார்ஜாவுக்குப் போகிறார், மகள் நசீராவோடு இருக்க. திரும்பி வரும் உத்தேசம் இல்லை. அந்தச் சக்கரம் தானாக ஓடுவதை ஒரு தரமாவது காட்டாமல் அவரை அனுப்ப ராவுக்கு மனசு வரவில்லை.

அதனால்தான் காலையில் பாய் வருவதற்கு முன்னால் ராவ் ஒரு காரியம் செய்திருந்தார். சக்கரம் நிற்கும் பலகைக்கு அடியில் குடைந்து, பழைய லேப்டாப் செல் ஒன்றைச் சிவப்பு வயரின் நடுவே இணைத்து, மேலே ஒரு மரச்சில்லை ஒட்டி மறைத்துவிட்டார். நாலு வோல்ட். சக்கரத்தை மெதுவாக ஓட்ட அது போதும்.

வெட்கமாகத்தான் இருந்தது. யூட்யூபில் இப்படி செல்லை ஒளித்துவைத்து ஊரை ஏமாற்றுகிறவர்களை இருவரும் சேர்ந்து எவ்வளவு கழுவிக் கழுவி ஊற்றியிருக்கிறார்கள்! ஆனால் சக்கரம் தானாக ஓடும் என்ற நம்பிக்கை ராவுக்கு எப்போதோ போய்விட்டது. அதன் பிறகும் அவர் சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காதது பாய்க்காகத்தான். பாய் குழந்தை மாதிரி நம்புகிறார். அதில் மண்ணை அள்ளிப் போட அவரால் முடியவில்லை.

"தொழுதுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாய் கை கால் கழுவப் போனார். முன்னறையில் அவருக்கென்று ஒரு விரிப்பு எப்போதும் இருக்கும்.

ராவ் தொட்டார். மூன்று டிரான்சிஸ்டர் போனதற்குத் தன் செல்தான் காரணமோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது. பேட்டரி பன்னிரண்டு, செல் நாலு, ஆகப் பதினாறு. பதினாறைத் தாங்கும்படிதானே காலையில் ரெசிஸ்டரை மாற்றினோம்? கருகியதைக் கழற்றிவிட்டு, பேட்டரியை மாட்டி, மீட்டரை வைத்தார்.

இருபது.

மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். இருபதேதான். எங்கிருந்தோ நாலு வோல்ட் கூடுதலாக வந்துகொண்டிருந்தது.

ஒரு கணம் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிடைத்தேவிட்டதா?

பிறகு கறுப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது சக்கரத்தைத் தாங்கும் அலுமினியக் குழாய்க்குள் நுழைந்தது. குழாயின் வாயில் பஞ்சு அடைத்திருந்தது. பஞ்சை இழுத்ததும் உள்ளேயிருந்து ஒரு செல் வழுக்கி வந்தது. அதைச் சுற்றியிருந்த டேப்பின் நுனி சிறிதாக மடித்துவிடப்பட்டிருந்தது. அடுத்தவர் பிரிக்கும்போது நகம் உடையக் கூடாது என்று அப்படி மடிக்கிறவர் திருச்சியிலேயே ஒருவர்தான்.

போன வாரம் முழுக்க இயந்திரம் உறையூரில் இருந்தது.

முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. வயசான மனுஷன் செய்கிற காரியமா இது என்று வாய்க்குள் திட்டினார். அந்தத் திட்டு தனக்கும் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருப்பது பிறகுதான் உறைத்தது. அப்புறம் இன்னொன்றும் புரிந்தபோது அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நம்புகிறவன் எதற்கு செல்லை ஒளித்துவைக்கப் போகிறான்? அப்படியானால் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்த மனுஷன் பஸ் ஏறி வந்தது எதற்காக?

முன்னறையில் விரிப்பை உதறும் சத்தம் கேட்டது.

ராவ் அந்த செல்லைப் பழையபடி குழாய்க்குள் தள்ளிப் பஞ்சை அடைத்தார். பலகையைத் திருப்பி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் தன் செல்லைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிவப்பு வயரின் அறுந்த முனைகளை முறுக்கிவிட்டார். புது டிரான்சிஸ்டரைச் சொருகினார்.

பாய் வந்து உட்கார்ந்தார். சக்கரம் வேகம் பிடித்தது. புகை வரவில்லை. பாய் தலையசைத்ததும் ராவ் பேட்டரியைக் கழற்றி, வயர்களை ஒன்றோடொன்று முறுக்கினார்.

வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பிறகு ஒரு நிதானத்துக்கு வந்து, சாவகாசமாக ஓட ஆரம்பித்தது.

சந்தோஷப்படுவதுபோல் நடிக்க வேண்டியிருக்கும் என்று ராவ் நினைத்திருந்தார். தேவைப்படவில்லை. "ஓடுது பாய்!" என்று கத்தினார். கண்ணிலிருந்து கரகரவென்று நீர் இறங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பாய் சக்கரத்தின் பக்கமே திரும்பாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள இப்படி ஒரு தடவ பாத்துட்டுப் போயிடணும்னுதான் இருந்தேன் ராவ் சார்."

ராவ் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.