பூனை அழ வேண்டும்

"இன்னும் ஊத்து லம்யாய்! பூனை வாயே திறக்கலையே!"

தோங்பான் போட்ட கத்தலில் தோளில் கிடந்த மூங்கில் கம்பே அதிர்ந்தது. கம்பின் மறுமுனையில் பிரசித். நடுவில் தொங்கிய கூண்டுக்குள் தொப்பலாக நனைந்த சாம்பல் நிறப் பெண் பூனை. மழை வேண்டி வீட்டுக்கு வீடு அதன்மேல் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அது அழுதால்தான் வானம் அழும். அதுவோ கம்மென்று கிடந்தது.

லம்யாய் வீட்டுப் படியில் நின்று ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினாள். "கடைசிச் சொட்டும் போச்சு அண்ணே. சோறு அவிக்கக்கூட இல்லை."

"மழை வந்தா ஜாடி தானா நிறையும். தண்ணி கொண்டா!"

பிரசித் சிரித்தான். "வயலைத்தான் வித்துட்டியே, உனக்கு எதுக்குண்ணே இவ்வளவு அவசரம்? பூனை பிடிச்சது நீ, கூண்டு பின்னினது நீ, சாராயமும் உன் உபயம். உன் தம்பி வினாயும் பைக்கை எடுத்துக்கிட்டு பாங்காக் போயிட்டான். ஒத்தை ஆளுக்கு எதுக்கு மழை?"

"ஊரு நாத்து கருகுதுடா. பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

பின்னால் வந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். என்ன மனசு!

தோங்பான் வானத்தைப் பார்த்தான். வெளுத்துக் கிடந்தது. இன்றைக்குப் பெய்தாக வேண்டும். நாளை என்றால் தாங்காது.

"மேளத்தை நிறுத்தாதீங்க! பாட்டை எடுங்க! தண்ணி... தண்ணி!"

மேளம் வெறிபிடித்தது போல் முழங்கியது. தோங்பான் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியப் பாடினான்.

சட்டென்று பூனை அழுதது.

மேளம் தானாக நின்றது. அது பூனைக் குரலாகவே இல்லை. வாய் நிறையத் தண்ணீரோடு யாரோ கூப்பிடுவது போல இருந்தது.

வடக்கே இடி உருண்டது. இருட்டிக்கொண்டு வந்து, கொட்டோ கொட்டென்று கொட்டியது.

கூண்டை இறக்கிவிட்டுத் தோங்பான் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் நீர் வழிந்தது. "வந்துடுச்சுடா! இனி குளம் ரொம்பிடும்! எங்கே லம்யாய்? பெரிசா அலுத்துக்கிட்டாளே!"

"நீதானே தண்ணி தண்ணின்னு உயிரை எடுத்தே? குடத்தைத் தூக்கிக்கிட்டு அப்பவே குளத்துக்கு ஓடினா" என்றான் பிரசித்.

தோங்பானின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

மழைக்குள்ளிருந்து லம்யாய் வந்தாள். இடுப்புவரை சேறு. குடம் இல்லை.

"ஓரமெல்லாம் வெறும் சேறு அண்ணே. நடுப்பள்ளத்துல இறங்கித்தான் மொண்டேன்... வினாயோட பைக் அங்கேதான் நிக்குது. வினாயும் அதுமேலேதான், கயித்துல கட்டினபடி உட்காந்திருக்கான்."