பதிவில் உள்ள பெயர்

நினைவின்றிக் கிடந்த சுபாஷிணியின் மூளைமேல் பொருத்திய வைரத்தகடு, ஒரே ஒரு செல்லின் மின்புலம் அசைந்தாலும் காட்டிவிடும். விதிப்படி கணவனான நான் மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும். திரையில் கோடு எழாவிட்டால் சுவாசக் கருவியை நிறுத்திவிடுவார்கள்.

"வீட்ல கூப்பிடுற மாதிரி கூப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"ரெக்கார்டுல இருக்கிற பேர்தான் சார்," என்றார் டெக்னீஷியன் லாரன்ஸ். "போன வாரம் ஒருத்தர் அம்முக்குட்டின்னுட்டாரு. மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிச்சோம்."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லாத அந்தப் பெயரை மூன்று முறை சொன்னேன். கோடு எழவில்லை. கையெழுத்துப் போட்டேன். பிறகு தினமும் ஆபீஸ் கிளம்பும்போது சொல்வதுபோல அவள் காதருகே குனிந்து, "வரேன், சுண்டெலி," என்றேன். கருவியை நிறுத்தினார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அறிக்கை வந்தது. பெயர் சொன்ன மூன்று இடங்களிலும் நேர்கோடு. கையெழுத்துக்குப் பிறகு, நான் விடைபெற்ற நிமிடத்தில், கோடு செங்குத்தாக எழுந்திருந்தது.

லாரன்ஸுக்கு போன் செய்தேன்.

"கையெழுத்தானதும் நாங்க திரையைப் பார்க்கிறதில்ல சார்," என்றார். "ஏன், அப்போ யாராவது ஏதாவது பேசினாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.