டேங்கர் வந்தால் சண்டை

“ஏண்டி, என் டப்பாவைத் தள்ளிட்டு உன் டப்பாவை வெப்பியா?”

“வெப்பேன். என்ன பண்ணுவே?”

அடுத்த நொடி வீராயியின் கொண்டை மேகலாவின் கையில் இருந்தது.

சுபாஷிணி பதறிப் போனாள். தில்லி மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்த பெண். வீடுகளில் தண்ணீர்க் கஷ்டம் எவ்வளவு என்று கேள்வி கேட்டு அளக்கிற ஒரு நிறுவனத்தில் இப்போதுதான் சேர்ந்திருந்தாள். சுமாராகத் தமிழ் பேசுவாள் என்பதால் இந்தத் தமிழர் குடிசைப் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

டேங்கர் லாரியின் குழாயை மொய்த்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் சண்டையைச் சுற்றித் திரண்டுவிட்டது. சிலர் விசில்கூட அடித்தார்கள்.

‘ச்சே, என்ன ஜனங்க! ஒரு குடம் தண்ணிக்கு முடியைப் பிடிச்சு இழுக்கறாங்க. மத்தவங்க சினிமா பாக்கற மாதிரி பாக்கறாங்க!’

“பஸ், பஸ்! ஹோ கயா!” போதும், ஆயிற்று என்று யாரோ இந்தியில் குரல் கொடுத்தார்கள்.

சண்டை சட்டென்று நின்றது. கூட்டம் மறுபடி குழாய்க்கு ஓடியது.

லாரி போனதும் டேப்லெட்டும் கையுமாக வீராயி வீட்டுக்குள் நுழைந்தாள் சுபாஷிணி. அங்கே மேகலாவும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ராசியாகிவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று, இரண்டு வீட்டையும் ஒரேயடியாக முடித்துவிடலாம்.

“போன நாலு வாரத்துல, தண்ணி கிடைக்குமான்னு கவலைப்பட்டீங்களா?”

“அதை விட்டா வேற என்ன கவலை கண்ணு எங்களுக்கு?” என்றாள் வீராயி.

“தண்ணி இல்லாம துணி துவைக்காம விட்டது?”

“அடிக்கடி,” என்றாள் மேகலா.

“தண்ணிக்காக அக்கம்பக்கத்துல சண்டை?”

“சேச்சே! இல்லவே இல்லை,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சுபாஷிணிக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

“அக்கா, இப்பதானே நான் என் கண்ணால பாத்தேன்!”

வீராயி கதவு வழியாக எதிர் வீட்டைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அது சும்மா கண்ணு. நீ இல்லைன்னே போட்டுக்க.”

“தேக்கோ, பாருங்கக்கா, இது மார்க் மாதிரி. கஷ்டம் ஜாஸ்தின்னா மார்க் ஜாஸ்தி. மார்க் ஜாஸ்தியான இடத்துக்குத்தான் முதல்ல பைப் லைன் போடணும்னு எங்க ரிப்போர்ட்ல கேப்போம். சண்டை உண்டுன்னு சொன்னா உங்களுக்குத்தான் ஃபாய்தா.”

“பைப்பு வேணும்தான். அதுக்காக இல்லாத சண்டையை இருக்குன்னு சொல்ல முடியுமா?”

சுபாஷிணிக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொல்வதும் சொல்லிவிட்டு, நியாயம் வேறு பேசுகிறார்களே! கண்ணெதிரே நடந்ததை மறைக்கிற வீடுகளைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று மேலதிகாரி ஜெயராம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

“அப்போ உங்க ரெண்டு வீட்டையும் கேன்சல் பண்ணிடுவேன். பரவால்லியா?”

மேகலாவின் முகம் சுண்டிவிட்டது. வீராயியைப் பார்த்தாள்.

“உன் இஷ்டம் கண்ணு,” என்றாள் வீராயி.

விருட்டென்று வெளியே வந்து எதிர் வீட்டுக்குப் போனாள் சுபாஷிணி. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் தீனா. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. பக்கத்தில் ஊன்றுகோல். மனைவி வீட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாளாம். வாசலில் நீல டிரம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

“தண்ணிக்கு அடுத்தவங்க உதவி தேவைப்பட்டுதா அண்ணா?”

“ஒரு நாளும் இல்ல மேடம்!” தீனா நிமிர்ந்து உட்கார்ந்தான். “கால் உடைஞ்ச புதுசுல ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கிட்டு வந்தாங்க. அத்தனையும் திருப்பி அனுப்பிட்டேன். உடைஞ்சது கால்தானே? கை நல்லாத்தானே இருக்கு!”

“இந்தக் காலோட அந்தக் கூட்டத்துல எப்படிப் பிடிக்கறீங்க?”

தீனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

“எல்லாம் எதிர்வீட்டு அக்காங்க ரெண்டு பேரு புண்ணியம். லாரி நம்ம வாசல்லதான் நிக்கும். வந்ததும் அதுங்க ரெண்டும் அடிச்சுக்கும். ஜனம் பூரா வேடிக்கை பாக்கப் போயிடும். நான் சாவகாசமா நொண்டிக்கிட்டே போய், குழாயில ஹோஸ் பைப்பைச் சொருகி டிரம்மை ரொப்பிக்குவேன். அதுங்க ரெண்டுக்கும் ஒத்தே போகக் கூடாதுன்னு தினம் சாமி கும்பிடறேன் மேடம்!”

சுபாஷிணி சிரிக்கவில்லை. டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தில்லியில், ஜூன் மாத வெயிலில், ஓடுகிற குழாயை விட்டுவிட்டு எந்த ஜனமாவது வேடிக்கை பார்க்கப் போகுமா? ‘ஹோ கயா’ என்று குரல் வந்ததே, அப்போது நிறைந்தது இந்த டிரம்தானே?

‘அடுத்தவர் உதவி: ஒருபோதும் இல்லை’ என்று தட்டிவிட்டு, வீராயி வீட்டுக்கு வேகமாகத் திரும்பினாள்.

“அக்கா, சண்டை இல்லைன்னே போட்டுட்டேன். கேன்சல் எல்லாம் கிடையாது. மாஃப் கர்னா, மன்னிச்சுடுங்க.”

வீராயி பதறினாள். “அவன்கிட்ட எதுவும் சொல்லிடலையே கண்ணு? தெரிஞ்சா ரோஷக்காரன், டிரம்மைக் கவுத்துடுவான்.”

“சொல்லலைக்கா. சத்தியமா.”

“அதான் வேணும்.” வீராயி தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே மேகலா பக்கம் திரும்பினாள். “ஏண்டி, நாளைக்கு முடியைப் பிடிக்கிறது என் முறை. எண்ணெய் தடவிக்கிட்டு வந்துடாதே, பிடி வழுக்குது!”