மாத்திரை போடுறியா?

இடுப்பு விட்டுப்போகிற வலியோடு சுமலதா ஆஸ்பத்திரி வரிசையில் வந்து, நர்ஸ் முன்னால் நின்றாள். மூலக்குளத்தில் செங்கல் சுமக்கிறவள். ஆறு மாத வயிறு.

“தெனம் மாத்திரை போடுறியாம்மா?”

ஆக, யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

“போடுறேன். வலிக்குன்னு ஆரம்பிச்சேன். இப்ப அந்தப் போதை இல்லன்னா கை நடுங்குது. அதுக்காகத் தொரத்துனா போவ மாட்டேன், ஆமா!”

வரிசையே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “அய்யோ, நான் கேட்டது சத்து மாத்திரைய.”

சுமலதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தெரிஞ்சிபோச்சில்ல, அந்தப் பழக்கத்தோடயே என்னப் பாருங்க. போன தடவ போதைக்காரின்னு தொரத்துனீங்க. வீட்டுலயே செத்துப் பொறந்துது. இந்த ஆஸ்பத்திரி எனக்கு ஒரு புள்ள பாக்கி வெச்சிருக்கு.”